மூணே முக்கால் நிமிஷப் பாட்டுல உங்க அப்பா

காஞ்சிபுரம்
22.8.2004

அன்பு மகன் சிவராஜுக்கு அம்மா எழுதறது. காமாட்சி புண்ணியத்துல நாங்க ரெண்டு பேரும் சொகமா இருக்கறோம், பம்பாய் மழையில உனக்கும் சளி காய்ச்சல் ஒண்ணும் இல்லன்னு நம்பறேன். உங்க பேண்டு சிங்கிள் விட்டிருக்குதுன்னு போன மாசம் எழுதியிருந்தியே, ஒரே ஒரு பாட்டுக்கா இவ்வளவு நாள் ராத்தூக்கம் கெட்டீங்கன்னு நெனச்சேன். ஆல்டர்நேட்டிவ் பேண்டுன்னா என்னன்னு இன்னும் புரியல, பேண்டுக்குத் தண்ணி லாரின்னு பேர் வச்சது அதைவிடப் புரியல. அது கெடக்கட்டும், அந்தப் பாட்டால இங்க நடந்ததைக் கேளு.

நீ கம்பெனி வேலையை விட்டுட்டு கிட்டார எடுத்துக்கினு போன அன்னிக்கு, இனிமே அவனுக்கு போன் பண்ணா என் பேர் துரைக்கண்ணு இல்லன்னு உங்க அப்பா சொன்னாரு இல்ல, ரெண்டு வருஷமா நானும் அதை நம்பிக்கினு இருந்தேன். போன செவ்வாக்கிழமை தென்னேரி பஸ்ஸுல கண்டக்டர் டூட்டி, காலேஜ் புள்ளைங்கள படியில நிக்காதீங்க உள்ள போங்கன்னு சத்தம் போட்டிருக்காரு. ஒரு பொண்ணு, அண்ணே உங்க குரல் எஃப்எம்ல வர்ற பாட்டுல இருக்கற மாதிரியே இருக்குதுன்னு சொல்லி, அவளோட ரேடியோ செட்டுல இருந்த வயரை எடுத்து அவர் காதுல வச்சிருக்கா. அதோட அவ்வளவுதான், ஏரிக்கரை ஸ்டாப்பிங்ல ஆளுங்க எறங்கி ஏறி முடிச்சும் மனுஷன் விசில் ஊதலயாம். டிரைவர் பரமசிவம் அண்ணன் திரும்பிப் பார்த்து, துரைக்கண்ணு பஸ்ஸை எடுக்கலாமான்னு கேட்டதுக்கு, இரு இன்னொரு தரம் கேட்டுக்கறேன்னு சொன்னாராம். வீட்டுக்கு வந்து என்கிட்ட மூச்சு விடல.

மறுநாள் மத்தியானம் நான் ரேடியோவைப் போட்டுட்டு ரசத்துக்குப் புளி கரைச்சிக்கினு இருந்தேன். பீரோவை இழுக்கற மாதிரி ஒரு சத்தம், அதுதான் உங்க கிட்டார் போலக்குது. அது டக்குனு நின்னு, என்கிட்ட ஏன்டா இங்கிலீஷ்ல பேசற, சரி பேசலன்னா போ, வேளைக்காவது சாப்பிடுன்னு உங்க அப்பா குரல் கேட்டுது. டூட்டியில இருந்து சீக்கிரம் வந்துட்டாருன்னு புளிக் கையோட ஓடிப்போய் கதவைத் தொறந்தேன், வாசல்ல யாரும் இல்ல. உள்ள திரும்பி வந்தா அதையே மேளத்தோட இன்னும் நாலு தரம் சொல்றாரு. அப்பதான் எனக்கு வெளங்குச்சு, மனுஷன் எனக்குத் தெரியாம உனக்கு போன் பண்ணியிருக்காரு, நீ இல்லாதப்ப போனை எடுக்கற மெசேஜ் மிஷினை நீதான்னு நெனச்சு பேசியிருக்காரு, அதுல பதிஞ்சதை நீ பாட்டுல சேர்த்துட்டே. அவர் மறைச்சது சரி, நீயும் ஏன்டா என்கிட்ட மறைச்சே? எனக்குச் சிரிப்பும் வந்துது, அழுகையும் வந்துது, ரசத்துக்கு உப்புப் போட மறந்துட்டேன்.

சாயங்காலம் வந்தவரை, இப்ப உங்க பேர் என்னங்கன்னு கேட்டேன். மொதல்ல மொறைச்சாரு, அப்புறம் என்னைக் கேக்காம என் குரலை எப்படிப் போடலாம்னு குதிச்சாரு. நியாயம்தான், நீ கேட்டிருக்கணும். ஆனா இப்ப பஸ்ஸுல புள்ளைங்க அதைச் சொல்லுங்கண்ணேன்னு கேட்டா, மொதல்ல டிக்கெட்டை வாங்குன்னு சொல்லிட்டு, கடைசி ஸ்டாப்பிங் வர்றதுக்குள்ள ஒரு தரம் சொல்லிடறாராம். கொஞ்சம் ராகம் வேற சேருதுன்னு பரமசிவம் அண்ணன் சொல்றாரு.

நேத்து பூ வாங்கப் போனப்ப, பஸ் ஸ்டாண்டு எஸ்டிடி பூத்து கலியாணசுந்தரம் என்னைக் கூப்பிட்டு, இந்த வாரத்துல உங்க வீட்டுக்காரர் மூணு தரம் வந்து பம்பாய் நம்பரைப் போட்டுட்டு ஒண்ணும் பேசாம வச்சிட்டுப் போறாருன்னு சொன்னாரு. வீட்டுல கேட்டேன். அந்த மிஷினுதான் எடுக்குது, அதுகிட்ட நான் ஏதாவது சொன்னா அதையும் பாட்டாக்கிடுவான்னு சொன்னாரு. அப்படி என்ன பேச இருக்குதுன்னு கேட்டதுக்கு, ரெண்டு வருஷத்துக்கு இருக்குதுன்னு சொல்லிட்டு சட்டை பட்டனைப் பார்த்துக்கினு உக்காந்துட்டாரு.

அதனால சொல்றேன் கண்ணு, வர்ற ஞாயித்துக்கெழமை அவருக்கு வீக்லி ஆஃப், காலையில பத்து மணிக்கு பூத்துக்குப் போவாரு. அந்த மிஷின் வயரைப் புடுங்கிப் போட்டுட்டு போன் பக்கத்துலயே உக்காரு, மொத மணியிலயே நீயே எடு. நான் எழுதினேன்னு மட்டும் சொல்லாதே.

காமாட்சி உனக்கும் உன் கூட வாசிக்கற புள்ளைங்களுக்கும் தொணையா இருக்கட்டும். தலைக்கு எண்ணெ வை. ஞாயித்துக்கெழமை, பத்து மணி.

உன் அம்மா
அகிலா