அந்தப் பக்கம் நட்டைப் பிடிக்க ஒருவர்

பிப்ரவரி 11, செவ்வாய்

தன் கையால் அடைத்த வாசலை ஒரு மனிதனால் மறந்துவிட முடியுமா? தெரியவில்லை. நேற்று மாலையிலிருந்து யோசிக்கிறேன்.

நேற்று டிவி விழுந்தது. போன வாரம்தான் இவர் அதைக் கூடத்துச் சுவரில் மாட்டினார். நான் சமையலறையில் இருந்தேன். முதலில் ஏதோ முனகுவதுபோல, பிறகு தடாலென்று சத்தம். ஓடி வந்து பார்த்தால், தரையில் போட்டிருந்த திண்டின் மேல் டிவி குப்புறக் கிடக்கிறது, இரும்பு பிராக்கெட்டோடு. சட்டத்தின் ஒரு மூலை உடைந்திருக்கிறது. திரைக்கு ஒன்றும் ஆகவில்லை. கீழே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை, அது போதும்.

"போல்ட் சரியில்ல. பாக்கெட்ல வர்றது எதுவுமே உருப்படி இல்ல" என்றார் இவர்.

போல்ட்களைப் பொறுக்கிப் பார்த்தேன். நான்கும் வளையவில்லை, உடையவில்லை. பிளாஸ்டிக் பிளக்கோடு அப்படியே பிடுங்கிக்கொண்டு வந்திருக்கின்றன. ஓட்டை ஓரத்தில் செங்கல் தூள் இல்லை, வெள்ளைத் தூள். ஒரு பென்சிலை நுழைத்தேன். எதிலும் முட்டாமல் போய்க்கொண்டே இருந்தது.

அப்போதுதான் உறைத்தது.

"இங்கதானே நடுவாசல் இருந்துச்சு?"

"ஆமால்ல" என்றார். யாரோ ஒருவருடைய வீட்டைப் பற்றிக் கேட்டதுபோல.

பிப்ரவரி 12, புதன்

தெளிவாக யோசிக்க வேண்டுமென்றால் எழுதிப் பார்க்க வேண்டும்.

இது ஒரே வீடாக இருந்தது. மாமியார் போன பிறகு இரண்டாகப் பிரித்தார்கள். அந்தப் பாதியில் இவருடைய அண்ணனும் — வீட்டில் எல்லோருக்கும் அவர் 'பெரியவர்' — என் ஓரகத்தியும். இந்தப் பாதியில் நாங்கள். எங்கள் வாசல் ஒரு தெருவில், அவர்கள் வாசல் முக்குத் திரும்பி அடுத்த தெருவில். ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க வேண்டாத வசதி. நடுவாசலை இவர்தான் பலகை வைத்து அடைத்து, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்தார். அதன் பிறகு பெயின்ட் மாறிவிட்டது, சோபா மாறிவிட்டது. வாசல் சுவராகிவிட்டது.

சண்டைக்குக் காரணம் இவரைக் கேட்டால் ஒன்று. பெரியவரைக் கேட்டால் வேறாக இருக்கும். எனக்கு மிஞ்சியது ஓரகத்தி சொன்னது மட்டும்: "படிச்சவ பாசத்தைக்கூட அளந்துதான் ஊத்துவா." நான் வேலை பார்ப்பது தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில். காலை முதல் மாலை வரை அளந்து ஊற்றுவதுதான் வேலை. அதனால்தான் அது இப்படி ஒட்டிக்கொண்டதோ என்னவோ.

பலகை என்பதால் அந்தப் பக்கத்துச் சத்தம் மெலிதாகக் கேட்கும். காலையில் பெரியவர் இருமுவார், நீளமாக. கொஞ்ச நாளாக அது கேட்கவில்லை. இவரும் கவனித்திருக்கிறார். தேநீர்க் கோப்பையோடு அந்தச் சுவரோரமாகப் போய் நிற்கிறார். "என்ன?" என்று கேட்டால், "சும்மா."

பிப்ரவரி 13, வியாழன்

இன்றும் இருமல் இல்லை. டிவி தண்டனை வாங்கிய பிள்ளைபோலச் சுவரைப் பார்த்து நிற்கிறது.

பிப்ரவரி 15, சனி

ஹார்டுவேர் கடைக்கு நானே போனேன். இவர் வரவில்லை, முதுகு வலியாம்.

கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி: "என்ன சுவரு மேடம்?"

சரியான கேள்விதான். "அடைச்ச வாசல். பலகை" என்றேன்.

மேசைமேல் வரிசையாகப் பரப்பினார். கான்கிரீட்டுக்கு ஆங்கர் போல்ட். உள்ளே போய் விரிந்து கவ்விக்கொள்ளும். செங்கல்லுக்கு பிளக். பலகைக்கு இறக்கை வைத்த போல்ட். மடக்கி ஓட்டைக்குள் விட்டால் அந்தப் பக்கம் இறக்கையை விரித்து உட்கார்ந்துகொள்ளும். நான் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் படிப்பதைப் பார்த்து அவருக்குப் பொறுமை போய்விட்டது.

"மேடம், இது ஆனையையே தாங்கும்."

"ஆனைய எங்க மாட்டிப் பாத்தீங்க?"

பக்கத்தில் பெயின்ட் வாங்க நின்றவர் சிரித்துவிட்டார். கடைக்காரருக்கும் கோபம் வரவில்லை. உள்ளே போய் ஒரு நீள போல்ட்டை எடுத்து வந்தார். "நம்பிக்கை வரலன்னா இது ஒண்ணுதான் வழி. சுவத்துக்கு இந்தப் பக்கம் போட்டு அந்தப் பக்கம் எடுக்கணும். பின்னாடி இரும்புப் பட்டை, வாஷர் வச்சு நட்டை முறுக்கிட்டா உங்க காலத்துக்கும் அசையாது. அந்தப் பக்கம் யாரு இருக்கா? ஒருத்தர் பிடிச்சுக்கணும்."

இறக்கை போல்ட்டிலும் இதிலும் நான்கு நான்கு கொடுங்கள் என்றேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஆனை இல்லை, தண்ணீர் இருக்கிறது. ஒரு லிட்டர் ஒரு கிலோ. இறக்கை போல்ட் இரண்டைப் பலகையில் இறக்கி, டிவி எடைக்கும் கூடுதலாக வருகிற மாதிரி வாளிகளில் தண்ணீர் நிரப்பித் தொங்கவிட்டேன். பிராக்கெட்டின் கை முன்னால் நீளக்கூடியது. இழுக்கும்போது பாரம் இன்னும் கூடும், அதையும் கணக்கில் வைத்தேன்.

இவர் சோபாவில் உட்கார்ந்து வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லாத்தான் இருக்கு. விளம்பரம் கிடையாது" என்றார்.

டிவி விழுந்த பிறகு இவர் சொன்ன முதல் நகைச்சுவை.

பிப்ரவரி 17, திங்கள்

காலையில் போல்ட் போட்ட இடத்தில்தான் இருந்தது. பலகை அப்படி இல்லை. நடுவில் வயிறு தள்ளியதுபோல முன்னால் வந்துவிட்டது. சுற்றிலும் பெயின்ட் வெடித்து, வாசல் இருந்த அளவுக்குச் சரியாக ஒரு கோடு. மேலே, இடம், வலம். யாரோ பென்சிலால் வரைந்தது மாதிரி.

வாளிகளை இறக்கினேன். இவர் அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

பிப்ரவரி 18, செவ்வாய்

வழி இருக்கிறது. நேற்றே தோன்றியது. வாசலைவிட அகலமாக ஒரு கனமான மரப்பலகை. அதன் இரண்டு முனையும் இரண்டு பக்கத்துச் செங்கல் சுவரில் ஏறும், ஆங்கர் போல்ட் போட்டு. டிவி நடுவில். யாரிடமும் போய் நிற்க வேண்டாம்.

இவரிடம் சொன்னேன்.

"அசிங்கமா இருக்கும்" என்றார்.

பொத்தான் போன சட்டையை வருஷக்கணக்கில் போட்டுக்கொண்டு அலைகிறவர் அழகைப் பற்றிப் பேசுகிறார்!

"அப்ப ஸ்டூல்ல வைப்போம்."

"வேணாம். அந்த நீள போல்ட்டுதான் சரி."

"அதுக்கு அந்தப் பக்கம் ஆள் வேணும்."

நீள போல்ட் பொட்டலத்தை எடுத்து உருட்டிக்கொண்டிருந்தார். சாக்குத் தேடுகிறார் என்று அப்போதுதான் புரிந்தது. புரிந்ததும் எரிச்சல்தான் வந்தது. அண்ணனுக்கு என்ன ஆயிற்று என்று தெரிய வேண்டுமானால் முக்குத் திரும்பிப் போய்க் கதவைத் தட்ட வேண்டியதுதானே? எதற்கு டிவியை நடுவில் இழுக்க வேண்டும்?

கேட்டேவிட்டேன்.

"நான் போனா அண்ணன் திறக்க மாட்டார்."

"நான் போனா?"

"அண்ணி திறப்பாங்க."

"திறந்து?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்த வீட்டில் கஷ்டமான கதவெல்லாம் என் பங்கு. மாமியாரின் மருத்துவர்களிடம் பேசியதும் நான்தான். வங்கி, வரி, பக்கத்து வீட்டு நாய், எல்லாம் நான்தான். அலுத்துவிட்டது. நிஜமாகவே அலுத்துவிட்டது. ஒரு தடவையாவது யாராவது எனக்காகப் போய்த் தட்டட்டுமே?

பிப்ரவரி 20, வியாழன்

பரிசோதனைக் கூடத்தில் பாட்டில் கழுவும் இயந்திரம் பழுது. எல்லாவற்றையும் கையால் கழுவினோம். பேச்சுவாக்கில் ஸ்டோர் கீப்பரிடம் டிவி கதையைச் சொன்னேன், அண்ணன் தம்பி விஷயத்தை விட்டுவிட்டு. "எதுக்கு மேடம் சுவத்தோட மல்லுக்கட்டு? மேசைல வச்சுட்டுப் போங்க" என்றார். அவர் சொல்வதில் தப்பே இல்லை.

இன்றும் அந்தப் பக்கம் சத்தம் இல்லை. குழாய் திறக்கிற ஓசை மட்டும். ஒருத்தி மட்டும் நடமாடுகிற வீடு மாதிரி.

இறந்திருந்தால் சொல்லியிருப்பார்களா? சொல்லியிருப்பார்கள். அதற்காவது சொல்வார்கள். இல்லையா?

பிப்ரவரி 22, சனி

போனேன். நீள போல்ட் பொட்டலம் கையில். அது இல்லாமல் போயிருந்தால் தெருமுனையிலேயே திரும்பியிருப்பேன்.

ஓரகத்திதான் திறந்தாள். தலை பாதி நரைத்திருக்கிறது. என்னைப் பார்த்ததும், "ஓ" என்றாள். அவ்வளவுதான்.

வழியில் யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது. "அக்கா, டிவி மாட்டணும். போல்ட்டு சுவத்தைத் தாண்டி உங்க பக்கம் வரும். நட்டைப் பிடிக்க இந்தப் பக்கம் ஒருத்தர் வேணும்."

"இத்தனை வருஷம் கழிச்சு நட்டுப் பிடிக்கத்தான் ஆள் தேடி வந்தியா?"

"ஆமா."

உற்றுப் பார்த்தாள். பிறகு சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. "உனக்குப் பூசி மெழுகவே வராது. உன்கிட்ட கஷ்டமே அதான். உள்ள வா, மெதுவாப் பேசு. அவர் தூங்குறார்."

நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டதாம். ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு இந்த வாரம்தான் திரும்பியிருக்கிறார்கள். துணைக்கு யாருமில்லாமல் வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஆட்டோவில் அலைந்திருக்கிறாள். நாங்கள் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்திருக்கிறோம்.

"ஏன் சொல்லலக்கா?"

"சொன்னா வந்திருப்பீங்களா?"

"அவர் வந்திருப்பார். நான்... தெரியலக்கா."

"ம். அளந்துதான் சொல்ற" என்றாள். ஆனால் அதைச் சொல்லிக்கொண்டே எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

நாளைக் காலை வரச் சொன்னாள். இவரிடம் ஆஸ்பத்திரி விஷயத்தைச் சொன்னதும் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டார். வெகுநேரம் தண்ணீர் ஓடியது.

நாளை என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். பெரியவர் படுக்கையை விட்டு எழ மாட்டார். ஓரகத்தி நட்டைப் பிடிப்பாள். டிவி ஏறும். 'நன்றி' என்போம், 'பரவாயில்லை' என்பார்கள். அதோடு அவரவர் தெரு.

பிப்ரவரி 23, ஞாயிறு

நடந்தது இது.

நான் அந்தப் பக்கம் போய், ஓரகத்தியும் நானுமாக அவர்கள் சுவரோரம் இருந்த அலமாரியை நகர்த்தினோம். பெரியவர் எழுந்து வந்துவிட்டார். போர்வையைப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து, "ஸ்பேனரைக் குடு, நான் பிடிக்கிறேன்" என்றார். மணிக்கட்டு குச்சியாக இருந்தது. யாரும் வேண்டாம் என்று சொல்லத் துணியவில்லை.

இவர் அங்கிருந்து டிரில் போட்டார். சத்தம் வந்தது, போல்ட்டும் உள்ளே வந்திருக்க வேண்டும். எங்கள் பக்கம் ஒன்றும் வரவில்லை. சுவர் அப்படியே இருந்தது.

"வந்துச்சா?" சுவருக்குள்ளிருந்து இவர் குரல்.

"வரல" என்றேன்.

"முழு நீளமும் போயிருச்சே!"

பெரியவர் சுவரைப் பார்த்தார். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டார். "டேய், நானும் ஒரு பலகை அடிச்சேன்டா. இந்தப் பக்கம்."

அந்தப் பக்கம் டிரில்லைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"எப்பண்ணே?"

"நீ அடிச்ச மறுநாள்."

ஓரகத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கும் அடக்க முடியவில்லை. இரண்டு பலகை, நடுவில் ஒரு முழம் வெற்றிடம். எந்தக் கடையிலும் அந்த நீளத்துக்கு போல்ட் இருக்காது. இருந்தாலும் அது தாங்காது.

"பேத்துருடா ரெண்டையும். செங்கல் வச்சு ஒழுங்காக் கட்டிடுவோம். அப்புறம் உன் இஷ்டத்துக்கு எந்த போல்ட் வேணாலும் போடு" என்றார் பெரியவர்.

இவர் சுத்தியலை எடுத்தார். மதியத்துக்குள் இரண்டு வீடு முழுக்க வெள்ளைத் தூசி. பெருக்கிப் பெருக்கி என் இடுப்பு விட்டுப்போயிற்று. கடைக்காரரிடம் எண் வாங்கிக் கொத்தனாரைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. டிவியை ஸ்டூலில் வைத்தோம். சாயங்காலம் பெரியவர் திறந்து கிடந்த வழியாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்து சோபாவில் உட்கார்ந்தார். இவரும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். செய்தி ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரே ஒரு தடவை, "சத்தத்தைக் கூட்டுடா" என்றார்.

பொழுது சாயும்போது கொத்தனாரே அழைத்தார். நாளைக்கே வரலாமாம், ஒருநாள் வேலைதானாம்.

அக்காவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.