தலைத்தீபாவளியும் ஒரு வாளித் தண்ணீரும்

அக். 18, சனி

வெயில். மழை ஒருவழியாக விட்டது. பட்டாசு வாங்கியாயிற்று: புஸ்வாணம், சங்குசக்கரம், சரம், கம்பி மத்தாப்பு. ராக்கெட் வேண்டாம் என்றேன். தாராவியின் குறுகிய கல்லியில் விட்டால் யார் வீட்டு ஜன்னலுக்குள் போகுமோ.

கொழுந்தியாளுக்குத் தலைத்தீபாவளி. அவள் வீட்டுக்காரருக்குச் செம்பூரில் ஏ.சி. ஆபீஸ் வேலை. மாமனார் டாக்ஸி பிடித்துப் போய் அழைத்து வருவாராம். என்னிடம், "மாப்ள, தண்ணி, மணலு, சாக்கு எல்லாம் நீங்க பாத்துக்கிடுங்க."

நானும் மாப்பிள்ளைதான். ஆறு வருடம் பழையவன், அவ்வளவுதான்.

அக். 19, ஞாயிறு

காலையில் குழாய்த் தண்ணீர் வந்ததும் பட்டாசுக்கு இரண்டு வாளி ஒதுக்கினேன். மாமியார் பிடித்துக்கொண்டார். "எண்ணெ தேச்சுக் குளிக்கவே பத்தாது. வெடிக்கு எதுக்கு ரெண்டு வாளி?" ஒன்றை டிரம்மில் திரும்ப ஊற்றினேன். புது மாப்பிள்ளை குளிக்க மட்டும் ஒரு அண்டா வெந்நீர்!

மதியம் வந்து இறங்கினார். மோதிரம் போட்டார்கள். வயிறு எரிந்தது. எனக்கு வாட்ச்தான் போட்டார்கள். அதுவும் நின்றுவிட்டது.

என் தலைத்தீபாவளிக்கு யாரும் வாளி வைக்கவில்லை. மணிக்கட்டில் தழும்பு இன்னும் இருக்கிறது.

அக். 20, திங்கள்

விடியற்காலைக் குளியல். புது மாப்பிள்ளைக்குப் பட்டு வேட்டி. பட்டாசு கொளுத்தப் பருத்திதான் நல்லது என்று சொல்ல வாயெடுத்தேன். மனைவி காலை மிதித்தாள். இன்றைக்கு அவருக்கு யாரும் புத்தி சொல்லக் கூடாதாம்.

முதல் புஸ்வாணம் அவர் கையால். பாண்டுப்பிலிருந்து வந்த சித்தப்பா, "ஜல்தி கொளுத்துங்க மாப்ள!" திரி புகைந்து அணைந்த மாதிரி நின்றது. அவர் குனிந்து, முகத்தை நேரே கொண்டுபோய்ப் பார்க்கிறார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. மாமனார் சிரித்த முகமாக நிற்கிறார்.

வாளியைப் போட்டுவிட்டுப் பாய்ந்தேன். கையில் சிக்கியது வேட்டி. ஒரே இழு. ஆள் என்மேல், வேட்டி என் கையில். முகம் இருந்த இடத்தில் புஸ்வாணம் சீறியது.

மாமனார்: "என்ன மாப்ள, புது மாப்ள வேட்டியப் போயி உருவிட்டீங்க!"

புது மாப்பிள்ளை அரை டவுசரோடு என் கையை விடவேயில்லை. "அண்ணாச்சி, கண்ணு போயிருக்கும்."

மாமியார் டிரம்மிலிருந்து இரண்டு வாளி மொண்டு வந்து வைத்தார்.

பிறகு மனைவி: "நெசமாச் சொல்லுங்க. பயத்துல இழுத்தீங்களா, வயித்தெரிச்சல்லயா?"

பயம்தான். சத்தியமாக.

ஆனால் வேட்டி அசல் பட்டு. பிடித்ததுமே தெரிந்தது. எனக்குக் கொடுத்தது கலப்பு.