ஏரியல் கம்பம்

கலர் டிவி வீட்டுக்கு வந்த மறுநாள், வேலைக்குக் கிளம்பும் முன் இருதயமேரி கணவன் லூயிஸுக்குச் சீட்டு எழுத உட்கார்ந்தாள். காலையில் இருவருக்கும் சண்டை. "சரியான பயந்தாங்கொள்ளி நீ" என்று சொல்லிவிட்டு அவன் லாரி எடுக்கப் போயிருந்தான்.

"எல்ஸி அப்பா, சாவி குரோட்டன்ஸ் சட்டிக்குக் கீழ இருக்கு. சோறும் நெத்திலி சம்பலும் மூடி வச்சிருக்கேன். டிவியில படம் தெளியாம பூச்சி பறந்தா பறக்கட்டும். நீங்களா கூரையில ஏறி ஏரியல் கம்பத்த உயத்தாதீங்க. கரெண்டுக் கம்பி தலைக்கு மேலயே போவுது. நாளைக்குக் கடை ஆளு வந்து கட்டித் தருவான். ஒரு நாள் பந்து ஆட்டம் பாக்காட்டி ஒண்ணும் கெட்டுப் போவாதுலா."

இடம் தீர்ந்துபோக, ஓரத்தில் நெருக்கி எழுதினாள்:

"லகாட் ஊர்ப் பக்கம் வானம் கறுத்துக்கிட்டு வருது. கோவத்துல பேசுனத மனசுல வச்சிக்காதீங்க."

சீட்டை டிவி மேல் வைத்துவிட்டுப் போனாள்.

மாலையில் தூறலில் நனைந்து திரும்பியபோது அந்த வரிசையில் எந்த வீட்டிலும் கரெண்ட் இல்லை. அவள் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. சோற்றுத் தட்டு மூடியபடியே இருந்தது. டிவி மேல் திருப்பி வைத்திருந்த அவள் சீட்டின் மறுபக்கத்தில் லூயிஸின் கோணல் எழுத்து:

"கோவமெல்லாம் இல்ல மேரி. அஞ்சே நிமிச வேலை. நீ வரும்போது படம் பளிச்சுன்னு தெரியும்."

"என்னங்க!" என்று கூப்பிட்டுக்கொண்டே பின்பக்கம் ஓடினாள். சுவரில் ஏணி சாய்ந்திருந்தது. அதைச் சுற்றி அக்கம்பக்கத்தார் அண்ணாந்து நின்றார்கள். ஒருவரும் ஏறவில்லை. பக்கத்து வீட்டுச் சன்னாசி ஓடிவந்து அவளை மறித்தார்.

"மேல பாக்காத தங்கச்சி."