காசிமாயன் கிணற்றுத் தண்ணீர்

அன்பு மகள் ருமானாவுக்கு, திருநகரிலிருந்து அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் அம்மா சபுராவும் சுகமாக இருக்கிறோம், குவாஹாட்டியில் மழை விட்டபாடில்லை என்று செய்தியில் பார்த்தோம், நீ நலமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறோம். கிணற்றுத் தண்ணீரைப் பற்றி நீ போனில் சொன்ன சோதனை முடிவை, நாம் ஆடு வாங்கும் காசிமாயன் அண்ணனிடம் நேரில் சொல்ல நேற்று திருமங்கலம் போய் வந்தேன், அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

முதல் தடவை நான் செய்த கூத்தை நீ மறந்திருக்க மாட்டாய். எந்தப் பிராணியையும் பிடிக்க வேண்டாம் அத்தா, பூமிக்கடியில் இருக்கிறதுகளின் தோலும் கழிவும் கிணற்றுத் தண்ணீரில் கலந்திருக்கும், அதை வடிகட்டிய தாளை அனுப்பினால் போதும், டிஎன்ஏவை வைத்து எது குடியிருக்கிறது என்று பார்த்துவிடுவேன் என்று சொல்லிக் கையுறை, வடிதாள் எல்லாம் வைத்துப் பெட்டியை அனுப்பினாய். நான் நம் கறிக்கடையிலிருந்து அப்படியே வண்டியில் போய், கை வேர்க்கிறது என்று கையுறையைக் கழற்றிவிட்டு வடிகட்டினேன். முடிவில் பாதிக்குமேல் வெள்ளாடு, மீதி நான். நீ ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, இன்னொரு பெட்டி அனுப்புறேன் அத்தா என்றாய். ஆனால் அது வரும்வரை கிணறு இருக்க வேண்டுமே. அண்ணன் அந்த வாரமே கிணற்றில் கட்டட இடிபாட்டைக் கொட்டி மூடுவதாக இருந்தார், போர் போட்டாயிற்று, பேரப்பிள்ளைகள் விழுந்துவிடுமோ என்று பயம், அவரைக் குறை சொல்ல முடியாது. ஆடு வாங்கிப் பழகிய உரிமையில் போய்க் கேட்டேன். “ஒங்க மக எம்புட்டு நாளு கேக்குது பாய்?” என்றார். ஒரு மாதம் என்றேன். இடிபாடு ஏற்றிய லாரி வந்தே விட்டது, அதைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

இரண்டாம் தடவை கடையே திறக்கவில்லை. குளித்துப் புதுச்சட்டை போட்டுக்கொண்டு அம்மாவையும் கூட்டிப் போனேன். நீ எழுதியதை அவள் வரிவரியாக வாசிக்க வாசிக்கச் செய்தேன், மூக்கைச் சொறிந்ததற்காக இரண்டு தடவை கையுறையை மாற்றச் சொன்னாள். ஒப்பிட்டுப் பார்க்க நீ அனுப்பிய சுத்தத் தண்ணீரையும் மறக்காமல் தனித்தாளில் வடிகட்டினோம்.

பாறை இடுக்கில் வாழும் கண்ணில்லாத சின்ன இறால் வகை ஒன்று அதில் இருக்கிறது என்று நேற்று சொன்னதும், அண்ணன் கைப்பிடிச்சுவரில் கையூன்றி ரொம்ப நேரம் உள்ளே பார்த்தார். “இம்புட்டு வருசமா இதுக தலைமேலதான் வாளிய எறக்கிக்கிட்டு இருந்தேனா” என்றார். பிறகு, மூடப்போவதில்லை, மேலே கம்பிவலை அடித்துக்கொள்கிறேன் என்று அவராகவே சொன்னார். உன் படிப்புக்காக அந்த மனிதர் காத்திருந்ததை நாம் மறக்கக் கூடாது. எனக்கு இரண்டாவது பெட்டியை அனுப்பினாயே, அதற்கும் இந்த அத்தா நன்றி சொல்லவேண்டும் மகளே.

காசிமாயன் அண்ணனுக்கு நீயே போன் போட்டுப் பேசு, மறந்துவிடாதே. நோன்புக்கு வர டிக்கெட்டை இப்போதே எடுத்துவிடு. உங்கள் மகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்பவர்களிடம் இதுநாள்வரை ஏதோ லேப்பில் இருக்கிறாள் என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். இன்று காலை கடையில் ஒருவர் கேட்டார், கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கால்மணி நேரம் சொன்னேன், வரிசையில் நின்ற யாரும் கறி கேட்கவில்லை. அல்லாஹ் உன் அறிவையும் ஆயுளையும் பெருக்குவானாக.

துஆவுடன்,
உன் அத்தா,
மு. ஜலீல்