சம்மட்டிக்காரனும் நான் போட்ட கருணை மதிப்பெண்ணும்

என் பிரியமுள்ள மாப்பிள்ளை ஜெபராஜுக்கு,

இன்று மத்தியானம் சம்மட்டிக்காரன் என் விலா எலும்புகளை நொறுக்கினான். நேற்று கழுத்தை முறித்தான். முந்தாநாள் கோட்டைச் சுவரில் தூக்கி அடித்து, விழுந்தவனை மிதித்தே கொன்றான். டிவி முழுக்க ரத்தம். இந்த வயதில் இது தேவையா என்று கேட்டுவிட்டு உன் அக்கா கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

மகன் விட்டுப்போன கேம் பெட்டியில் நாம் ஆடிய அதே வீடியோ கேம்தான். தண்ணீரில் முங்கிய கோட்டையை அறை அறையாகத் தேடுவோமே. திருச்செந்தூர் ரோட்டில் பஸ் ஓட்டிய உனக்கு 'கொடூரம்' என்ற நிலையைத் தவிர வேறெதுவும் பிடிக்காது. அந்த நிலையிலேயே கடைசி எதிரியான சம்மட்டிக்காரனைக் கொன்று முடித்தால், மறுபடி ஆடும்போது அவன் சம்மட்டியே நம் கைக்கு வரும். அதை வைத்து, ஆட்டத்தில் முதலில் வரும் வாசல் காவலனை எப்படிப் பிளக்கப்போகிறாய் என்று காப்பி ஆறும்வரை சொல்வாய்.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது.

இருபது நாள் சம்மட்டிக்காரன் உன்னைக் கொன்றான். நீ கன்ட்ரோலரைச் சுவரில் எறிந்தாய். முட்டி தோல் உரிய மேசையைக் குத்தினாய். ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய். நீ முகம் கழுவப் போன நேரத்தில் நிலையை 'எளிது' என்று மாற்றினேன். முப்பத்து மூன்று வாங்கியவனுக்கு இரண்டு போட்டுத் தேற்றிவிடும் பழைய வாத்தியார் கை. ஏதோ எச்சரிக்கை வந்தது. படிக்காமலே 'சரி' என்று அழுத்தினேன். கேள்வியை முழுதாகப் படியுங்கள் என்று முப்பது வருடம் பிள்ளைகளிடம் சொன்னவன் நான்.

வந்து உட்கார்ந்தாய். மூன்றே வெட்டு.

"பாத்தியளா அத்தான், தலை தேங்கா கணக்கா உருளுது."

ஆனால் சம்மட்டி வரவில்லை. "களவாணிப் பயலுவ. அடிக்கத் தெரியுது, குடுக்கத் தெரியல" என்று திட்டிவிட்டு, நாம் ஆட்டங்களுக்கு மார்க் போடும் நோட்டில் எழுதினாய்: கடுமை நூறு, மறு ஆட்டப் பரிசு முட்டை. அடுத்த வாரம் உன்னை அடக்கம் பண்ணினோம்.

மூன்று வெட்டில் செத்தானே, உனக்குச் சந்தேகமே வரவில்லையா? அல்லது தெரிந்துதான், என்னை விட்டுவிட்டு ஆட்டத்தைத் திட்டினாயா?

இப்போது முதலிலிருந்து 'கொடூர'த்தில் ஆடுகிறேன். கடினமான கேள்வித்தாள் வேறு, பாடத்தில் இல்லாததைக் கேட்கும் கேள்வித்தாள் வேறு. சம்மட்டிக்காரன் முதல் வகை. ஓங்குவதற்கு முன் அவன் இடது தோள் லேசாக ஏறுகிறது. வாசல் காவலனுக்கும் அப்படித்தான் ஏறும். பாடம் அங்கேயே நடந்துவிட்டது. இன்னும் நாலு நாளில் நீயே கண்டுபிடித்திருப்பாய். அந்த நாலு நாள் உனக்கு இருந்தது, மாப்பிள்ளை.

என் வயதான விரல்களுக்கு வேகம் போதவில்லை. தோளைப் பார்த்த பிறகும் விலகுவதற்குள் அடி விழுந்துவிடுகிறது. ஆனாலும் நிலையைத் தொடமாட்டேன். சம்மட்டி கைக்கு வந்ததும் மறு ஆட்டத்தை உன் பெயரில் தொடங்கி, வாசல் காவலனின் மண்டையைப் பிளப்பேன். பிறகு நோட்டில் நீ போட்ட முட்டையைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, பக்கத்தில் என் பெயரை எழுதி, அந்த முட்டையை எனக்குப் போடுவேன்.

உன் அக்காவைக் கட்டிய, உன்னிடமிருந்து ஒரு சண்டையைப் பிடுங்கிய,
அத்தான்
பாளையங்கோட்டை