வேலூர் ரோட்டில் நின்ற வண்டி

1934 பிப்ரவரி 9, வெள்ளி

காலையில் நல்ல பனி. இன்ஜினைச் சுழற்றிக் கிளப்ப ஹாண்டில் போடக் கை விறைத்தது. வாணியம்பாடி சவாரி. கடப்பா வியாபாரி ஒருவர், அவருடைய மூட்டைகள் மூன்று. போகும்போது தொந்தரவில்லை. திரும்பும்போது ஆம்பூருக்கு இரண்டு மைல் இருக்கையில் இன்ஜின் இரண்டு தும்மல் தும்மியது. பிறகு சத்தமே இல்லை.

டாங்கி மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்த்தேன். பெட்ரோல் பாதிக்கு மேல். இறுக்கி மூடிவிட்டு ஒரு பீடி. ஹாண்டில் போட்டதும் பிடித்துக்கொண்டது, ஒன்றுமே நடக்காதது போல.

கிளச்சும் சரியில்லை. மேட்டில் இன்ஜின் கத்துகிறது, சக்கரம் அசைய யோசிக்கிறது. இரண்டு கை மாறி என்னிடம் வந்த வண்டி. நாலு பேர் உட்கார்ந்தால் நெரிசல். ஆனாலும் இதுதான் சோறு.

மாலை: மண்ணெண்ணெய் வாங்க மறந்துவிட்டேன். சலோமியிடம் திட்டு.

பிப். 10, சனி

பாஷா பாய் ஷெட். பிளக் நான்கையும் கழற்றிச் சுரண்டினோம். கார்புரேட்டர் கழுவினோம். பெட்ரோல் குழாயை வாயால் ஊதிப் பார்த்தார், அடைப்பில்லை. கடைசியில் பிளக்குக்குக் கரண்டு தருகிற மேக்னெட்டோ மேல் கை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"இதான் தோஸ்த். சூடானா கரண்டு கட். ஆறுனா ஸ்டார்ட்டு. உள்ள காயில் போயிடுச்சு. மெட்ராஸ்லேர்ந்து வரணும்."

நின்று ஆறிய பிறகு கிளம்புவதால் எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. கிளச்சுக்கு வேறு காரணம். இன்ஜின் ஆயில் கசிந்து லைனிங்கில் ஏறியிருக்கிறதாம். இறக்கித்தான் பார்க்க வேண்டும், இரண்டு நாள் வேலை. திங்களும் செவ்வாயும் சவாரி ஒப்புக்கொண்டிருக்கிறேன். அது முடியட்டும் என்றேன்.

பிப். 11, ஞாயிறு

பூசை முடிந்து சலோமியின் தம்பி ஏசுதாஸ் சாப்பிட வந்தான். தோல் பதனிடுகிற ஷாப்பில் பச்சைத் தோல் இறக்குகிற வேலை அவனுக்கு. தோளில்தான் சுமப்பான், குளித்துவிட்டு வந்தாலும் அந்த வாடை கூடவே வரும். கழுத்தில் ஒரு கொப்புளம்.

"வலிக்குதாடா?"

"வலியே இல்ல மாமா. எறும்பு கடிச்ச மாதிரி அரிக்குது, அவ்ளோதான்."

சலோமி மஞ்சள் அரைத்துப் பூசினாள். சாப்பிட்டதும் வண்டியில் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டிருந்தான். ஈஸ்டர் முடிந்ததும் ஷாப்பை விட்டுவிடுவானாம், என்னோடு வண்டி ஓட்ட வருவானாம். "கிளச்ச நான் மிதிச்சா வழுக்காது மாமா, பாருங்க." ஆள் குட்டை, கால் எட்டவில்லை. சலோமி சிரித்தாள்.

பிப். 14, புதன்

இன்று சாம்பல் புதன். கோயிலுக்குப் போகவில்லை. ஏசுதாஸ் விடியற்காலையில் வேலூர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனான்.

நேற்று நடந்ததை எழுதிவிட வேண்டும். தலைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

நேற்று மதியம் சவாரி முடிந்து வீட்டுக்கு வந்த நேரம், அத்தை, அதாவது சலோமியின் அம்மா, தலைமுடி கூட முடியாமல் ஓடி வந்தாள். போய்ப் பார்த்தோம். கொப்புளத்தின் நடுவில் கரி வைத்தது போலக் கறுப்பு. கழுத்து வீங்கித் தாடையோடு ஒன்றாகிவிட்டது. கொதிக்கிற ஜுரம். தெரு டாக்டர் பார்த்த உடனே பின்னால் நகர்ந்தார். "மாட்டுக்கு வருமே அடைப்பான், அது. தோல்லேர்ந்து ஏறியிருக்கு. எங்கிட்ட மருந்து கெடையாது. இப்பவே வேலூருக்கு எடுத்துட்டுப் போங்க."

சலோமி கேட்டாள்: "ரயிலு?"

"சாயங்காலம்தான் அடுத்தது. வண்டியில போயிடலாம்," என்றேன். நான்தான் சொன்னேன்.

பின் சீட்டில் அவன் தலை சலோமி மடியில். மாதனூர் வரை ஓடியது. தாண்டியதும் இரண்டு தும்மல், நின்றது. மேக்னெட்டோ மேல் ஈரத்துணி போட்டேன். டாங்கி திறந்து பார்த்தேன், பெட்ரோல் இருக்கிறது, மூடினேன். காத்திருந்தோம். கிளம்பியது. அடுத்த மேட்டில் கிளச் வழுக்கியது. இன்ஜின் கத்த, வண்டி அங்கேயே. சலோமி இறங்கித் தள்ளினாள். குரல் கட்டிப்போய் அவன் சொன்னான்:

"நானும் எறங்குறேன் மாமா. வெயிட்டு கம்மியாவும்."

"நீ படுடா."

பள்ளிகொண்டாவுக்கு முன்னால் மறுபடியும் நின்றது. விரிஞ்சிபுரம் கிட்ட ஒரு புளியமரத்தடியில் மறுபடியும். அங்கேதான் ரொம்ப நேரம். ஈரத்துணி உலர்ந்து, நனைத்து, மறுபடி உலர்ந்தது. அவன் மூச்சு விசில் போல வந்துகொண்டிருந்தது. பாலாற்றுக்கு அந்தப் பக்கம் ரயில் சத்தம்.

"அது நம்ம ஊர்லேர்ந்து வர்ற ரயிலா?" என்றாள் சலோமி.

"ஆமா."

அவள் குனிந்து அவன் நெற்றியைத் துடைத்தாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஆஸ்பத்திரி. டாக்டரம்மா ஊசி போட்டார். தொண்டையில் குழாய் வைத்தார்கள். எல்லாம் முடிந்த பிறகு அந்த அம்மாளிடம் கேட்டேன், இன்னும் முன்னால் வந்திருந்தால்?

"அத யாராலயும் சொல்ல முடியாதுப்பா."

உடலை ஊருக்குக் கொண்டுபோகக் கூடாதாம். வேலூரிலேயே அடக்கம். அத்தை ரயிலில் வந்து சேர்ந்தாள். முகத்தை மட்டும் காட்டினார்கள்.

பிப். 15, வியாழன்

சலோமி வண்டியில் ஏறவில்லை. அத்தையோடு ரயிலில் போனாள். நான் தனியாக ஓட்டி வந்தேன். இரண்டு இடத்தில் நின்றது. இரண்டாவது இடத்தில் இறங்காமலே உட்கார்ந்திருந்தேன். மாட்டு வண்டிக்காரர் ஒருவர் என்ன ஏது என்று கேட்டார். பதில் சொன்னேனா, நினைவில்லை.

பிப். 19, திங்கள்

வெயில் ஏறிவிட்டது. சவாரி இல்லை, கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினேன். வண்டியை விற்றுவிடலாம் என்று சலோமியிடம் சொன்னேன். துணி துவைத்துக்கொண்டிருந்தாள். ஏசுதாஸின் சட்டை.

"விக்கறதுன்னா அப்புறம் வித்துக்கோங்க. மொதல்ல இன்னா கோளாறுன்னு கண்டுபுடிங்க. எதுக்கு நின்னுச்சுன்னு எனக்குத் தெரியணும்."

பிப். 21, புதன்

ஷெட்டில் முழு நாள். கிளச் இறக்கியாயிற்று. பாஷா பாய் சொன்னது சரிதான், லைனிங் முழுக்க ஆயில். பெட்ரோலில் கழுவி, முல்தானி மட்டி தூவி ஊறவைத்தோம். எண்ணெயை அது உறிஞ்சிவிடுகிறது. ஆயில் கசிகிற இடத்துக்குக் கெட்டித் தோலில் வட்டமாக வெட்டி அடைத்தார். மெட்ராஸிலிருந்து மேக்னெட்டோ காயில் வந்திருந்தது. அதையும் மாட்டினோம். கைகள் வேலை செய்யும்போது நினைப்பு கொஞ்சம் அடங்குகிறது. நிறுத்தினால் திரும்பி வருகிறது.

பிப். 22, வியாழன்

பாஷா பாயும் நானும் மட்டும் வண்டியில் மாதனூர்ப் பக்கம். கிளச் அருமை. மேட்டில் கத்தாமல் ஏறியது. அவர் தொடையைத் தட்டிக்கொண்டார். மாதனூர் தாண்டியதும் தும்மல். நின்றது.

புதுக் காயில். தொட்டால் சூடே இல்லை. பாஷா பாய் முகம் செத்துப்போயிற்று.

கார்புரேட்டர் பக்கம் குழாயைக் கழற்றினார். சொட்டு கூட வரவில்லை. டாங்கியோ நிறைய இருக்கிறது. குழாயில் அடைப்பும் இல்லை. அவர் குழாயைக் கையில் பிடித்தபடி, "மூடியத் தொற," என்றார். நான் திருகினேன். உஸ் என்று ஒரு சத்தம், யாரோ மூச்சை உள்ளே இழுப்பது போல. அவர் விரல் மேல் பெட்ரோல் கொட்டியது.

"காத்து தோஸ்த். மேல காத்து உள்ள போனாதான் கீழ பெட்ரோலு எறங்கும். மூடியில ஒரு ஊசி ஓட்டை இருக்கணுமே."

திருப்பிப் பார்த்தார். சிவப்புப் பெயிண்ட் கட்டியாக. ஊசியால் குத்த, ஒரு சின்னச் சிவப்புச் செதில் பெயர்ந்து வந்தது. ஓட்டை தெரிந்தது.

"யாரு இதுக்குப் பெயிண்டு அடிச்சது?"

கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஏசுதாஸ் வண்டி முழுக்கத் துடைத்துக் கறுப்பு அடித்தான். டாங்கி மூடிக்கு மட்டும் சிவப்பு. தண்ணீர் மூடியும் பெட்ரோல் மூடியும் யாருக்கும் மாறிவிடக் கூடாதென்று. இரண்டு பூச்சு. காயும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான், தூசி விழாமல்.

"நான்தான்," என்றேன்.

பாஷா பாய் என்னைப் பார்த்தார், பிறகு ரோட்டைப் பார்த்தார்.

ஊர்ச் சவாரிகளில் ஏன் நிற்கவில்லை என்பதும் புரிந்தது. கொஞ்ச தூரத்துக்குள் காற்றுக் குறை தெரியாது. கிறிஸ்துமஸுக்குப் பிறகு வாணியம்பாடிதான் முதல் தூரச் சவாரி. அன்றைக்கு ஒவ்வொரு தடவை நின்றபோதும் மூடியைத் திறந்தேன். பார்த்தேன். இறுக்கி மூடினேன். திறந்ததால்தான் கிளம்பியது. ஈரத்துணியால் என்று நினைத்துக்கொண்டு, ஆறட்டும் ஆறட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

பிப். 24, சனி

சலோமியிடம் எப்படிச் சொல்வதென்று இரண்டு நாளாக ஒத்திப்போட்டேன். அதற்குள் பாஷா பாய் வீட்டுக்கே வந்துவிட்டார், மிச்ச ஸ்பானரைக் கொடுக்க. அத்தையும் இருந்தாள். அவருக்கு மனசு தாங்கவில்லை போலும்.

"இவரு தெரியாமப் பண்ணதும்மா. மூடிக்குப் பெயிண்டு அடிச்சாரு, ஓட்டை மூடிக்கிச்சு. வேணும்னு யாராவது செய்வாங்களா?"

சலோமி கையில் டீ டம்ளர். என்னைப் பார்த்தாள். யார் அடித்தது என்று அவளுக்குத் தெரியும். டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றவளே அவள்தான். டம்ளரைப் பாஷா பாயிடம் கொடுத்தாள், உள்ளே போய்விட்டாள்.

அத்தை எழுந்து நின்றாள். அழவில்லை. "எம்புள்ளைய அந்த வண்டியில ஏத்தாம இருந்திருக்கலாமே நீ," என்றாள். போய்விட்டாள். இத்தனை வருஷத்தில் என்னை நீ என்று சொன்னதில்லை.

பிறகு சலோமி: "அம்மாவுக்கு உண்மை தெரிஞ்சா உசுரோட இருக்காது."

"தெரிய வேணாம்."

"உங்களத் திட்டும். ஊரே திட்டும்."

"திட்டட்டும்."

சாப்பிடவில்லை இருவரும்.

மார்ச் 2, வெள்ளி

ஷாப் ஆள் ஒருவர் வந்து கூப்பிட்டார். ஏசுதாஸோடு தோல் இறக்கிய சின்னப்பனுக்குக் கையில் கொப்புளம், நடுவில் கறுப்பு. இந்தத் தடவை யாரும் மஞ்சள் பூசவில்லை. ரயிலைப் பிடிக்க நேரம் இருந்தது. ஆனாலும் அவன் பெண்டாட்டி மேரி வண்டியில்தான் போக வேண்டும் என்றாள். பெட்ரோல், ஆயில், மூடி ஓட்டை எல்லாம் பார்த்தேன். ஓட்டையை மூன்று தடவை.

சலோமி உள்ளிருந்து வரவில்லை. ஒரு போர்வையை மட்டும் கொடுத்தனுப்பினாள்.

மாதனூர், பள்ளிகொண்டா, விரிஞ்சிபுரம். எங்கும் நிற்கவில்லை. ஒரு தும்மல் இல்லை. விரிஞ்சிபுரத்தில் அதே புளியமரத்தைத் தாண்டும்போது நின்றுவிட்டால் தேவலை என்று ஒரு நினைப்பு வந்தது. எவ்வளவு கேவலம். பின்னால் மேரி ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். வெயில் உச்சிக்கு வரும் முன்பே ஆஸ்பத்திரி வாசல்.

மார்ச் 13, செவ்வாய்

புழுக்கம். டயர் ஒன்றுக்குப் பஞ்சர். அத்தை தெருவில் என்னைக் கண்டால் முந்தானையை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டு போகிறாள். கோயிலில் என் பக்கத்து இடம் காலி.

மாலையில் சின்னப்பனும் மேரியும் வீட்டுக்கு வந்தார்கள். கையில் கட்டு, ஆள் பாதியாகிவிட்டான், ஆனால் நடந்து வந்தான். ஒரு சீப்பு வாழைப்பழம். சலோமி பாய் விரித்து உட்காரவைத்தாள். "ஒடம்பு தேவலையா அண்ணே?" என்று அவனிடம் கேட்டாள். குரல் நிதானமாகத்தான் இருந்தது.

அவர்கள் போன பிறகு அடுப்பு மூட்டினாள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டாள்.

"இவரக் கூட்டிட்டுப் போனப்ப வண்டி நிக்கவே இல்லியா?"

"நின்னுச்சு."

"எங்க?"

"விரிஞ்சிபுரம் கிட்ட. ஓட்டையில தூசி. ரொம்ப நேரம் ஆயிடுச்சு. அன்னிக்கு மாதிரியேதான்."

வெகுநேரம் ஊதாங்குழலை ஊதினாள்.

"அப்பவும் இவரு பொழச்சிட்டாரு."

"ஆமா."

"அப்போ லேட்டானதால இல்ல."

"இல்ல சலோமி. அவனுக்குக் கழுத்துல வந்துச்சு. இவருக்குக் கையில."

தலையாட்டினாள். இத்தனை நாளுக்குப் பிறகு எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

நாளை: டயர் பஞ்சர். ஆயில் ஒரு டப்பா. விடிந்ததும் முதல் வேலையாக மேரியைப் பார்த்து, வண்டி விரிஞ்சிபுரத்தில் நின்றது என்று சொல்லிவைக்க வேண்டும்.