கணக்கில் சேர்க்காத அதிர்வு

ஜூன் 3

மலைமேல் இருக்கும் ஊசிக்காரருக்கு,

நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள், உங்களை எது என்ன செய்யும். பதினான்கு மாதம் கழித்து எழுதுகிறேனே என்று எதையாவது கற்பனை செய்துகொள்ள வேண்டாம். எட்டாம் வகுப்புக்கு நிலநடுக்கம் பாடம் எடுக்க வேண்டும். புத்தகத்தில் நான்கு வரியும் ஒரு மங்கிய படமும்தான். ஏன் வருகிறது, எத்தனை வகை என்று பிள்ளைகள் குடைகிறார்கள். நிலநடுக்கம் பதிவு செய்யும் நிலையத்திலேயே ஐந்து வருடம் குடித்தனம் நடத்தியவளுக்குப் பதில் தெரியவில்லை என்றால் சிரிப்பார்கள். அந்த ஐந்து வருடமும் நீங்கள் அதிர்வைத் தாளில் கீறும் ஊசியோடுதான் பேசினீர்கள். என்னோடு பேசியிருந்தால் எனக்கும் தெரிந்திருக்கும்.

எட்டாம் வகுப்புக்குப் புரிகிற மாதிரி எழுதுங்கள். இங்கே எனக்கு ஒரே அறை. ஜன்னலைத் திறந்தால் பள்ளியின் சைக்கிள் கொட்டகை. ஒருத்திக்கு மட்டும் சமைக்க இன்னும் அளவு பிடிபடவில்லை.

இப்படிக்கு,
பூகோள டீச்சர்

—

ஜூன் 9

அன்புள்ள டீச்சருக்கு,

உறைமேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்கவில்லை. மேசைமேல் வைத்துவிட்டு டீ போட்டுக் குடித்தேன். பிறகுதான் தைரியம் வந்தது.

பாடத்துக்கு வருகிறேன். நாம் நிற்கும் தரை ஒரே துண்டு இல்லை. பெரிய பாறைத் தட்டுகளாகப் பிரிந்திருக்கிறது. நகம் வளரும் வேகத்தில் அவை நகர்கின்றன. உரசும் இடத்தில் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும், ஆனால் தள்ளுவது நிற்காது. வருடக்கணக்கில் இறுக்கம் ஏறி, ஒருநாள் பாறை தாங்காமல் வழுக்கிவிடும். பெரும்பாலான நிலநடுக்கம் இந்த வகைதான். திடீரென்று வந்தது என்று ஜனங்கள் சொல்வார்கள். திடீரென்று எதுவும் வருவதில்லை, நாம் பார்க்காமல் இருந்திருப்போம்.

எரிமலைக்கு அடியில் பாறைக்குழம்பு மேலேறும்போது வருவது இன்னொரு வகை. குகையோ பழைய சுரங்கமோ உள்ளே இடிந்து விழுந்து வருவது மூன்றாவது. அது சின்னது, பக்கத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் தெரியும். கடைசி வகை மனிதர்களின் கைங்கரியம்: வெடி வைப்பது, பெரிய அணையில் தண்ணீரைத் தேக்குவது.

ஒரே அதிர்விலிருந்து இரண்டு அலை கிளம்பும். வேகமானது முதலில் வரும், நிதானமானது பின்னால் வந்து பலமாக ஆட்டும். இரண்டுக்கும் நடுவில் எத்தனை நொடியோ அதை எட்டால் பெருக்கினால் எவ்வளவு தூரத்தில் நடந்தது என்று ஏறக்குறைய கிலோமீட்டரில் கிடைக்கும். ஆனால் எந்தத் திசையில் என்று என்னுடைய ஒற்றை ஊசிக்குத் தெரியாது. அதற்கு இன்னும் இரண்டு நிலையங்களாவது வேண்டும்.

ஊசிக்குப் பாகுபாடும் கிடையாது. லாரி போனாலும், நான் வாசலில் நடந்தாலும் தாளில் கிறுக்கிவிடும். தினமும் காலையில் தாளை மாற்றி, முந்தைய நாள் தாளில் அந்தக் கிறுக்கல்களின் பக்கத்தில் 'இரைச்சல்' என்று பென்சிலால் எழுதுவேன். என் நடமாட்டம் முழுக்க இரைச்சல்தான், என்ன செய்ய.

உன் குடை இன்னும் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது.

உன்
ஊசிக்காரன்

—

ஜூன் 16

அன்புள்ள உங்களுக்கு,

பாடம் நன்றாகப் போனது. இரண்டு பெஞ்சுகளை ஒட்டிப் போட்டு, ஆளுக்கொரு பக்கம் தள்ளச் சொன்னேன். கொஞ்ச நேரம் அசையவே இல்லை. பிறகு வழுக்கியதில் நான்கு பேர் உருண்டார்கள். தலைமையாசிரியர் ஓடி வந்து, "என்ன டீச்சர், பாடம்தான நடத்துறீங்க?" என்று கேட்டார்.

முன்வரிசையில் ஒரு வாயாடி இருக்கிறாள். "டீச்சர், மாட்டிக்கிட்டு இருக்கும்போது அந்தப் பாறைக்கு வலிக்காதா?" என்றாள். உட்காரு என்று சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். மணி அடிக்கும்வரை ஏதோ படம் வரைந்துகொண்டிருந்தேன்.

இன்னொரு விஷயம். இடமாறுதல் வந்திருக்கிறது. ரயிலில் இரண்டு நாள் தூரம். போவதாக இருந்தால் ஜூலை பத்தாம் தேதி கையெழுத்துப் போட வேண்டும். போனால் திரும்பி வரமாட்டேன் என்று எனக்கே தெரிகிறது. இந்த மாதக் கடைசியில் சனி, ஞாயிறு விடுமுறை. வா என்று ஒரு வார்த்தை எழுதுங்கள், வருகிறேன். கூப்பிடாமல் வர எனக்கு ரோஷம் இடம் கொடுக்கவில்லை.

அன்புடன்,
உங்கள் டீச்சர்

—

ஜூன் 30

அன்புள்ள டீச்சருக்கு,

உடனே பதில் எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. நான்கு தாள் எழுதிக் கிழித்தேன். ஒற்றை வார்த்தைதான் கேட்டிருந்தாய், அதை எழுதக் கூச்சமாக இருந்தது. அதற்குள் சனிக்கிழமை விடியற்காலை ஐந்து நாற்பதுக்கு நிலநடுக்கம் வந்துவிட்டது. அங்கேயும் ஆடியிருக்குமே. இங்கே தண்ணீர்ப் பானை மட்டும் உடைந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு இவ்வளவு பெரியது இதுதான் முதல்.

பெரியது ஒன்று வந்தால் பின்னாலேயே சின்னச் சின்னதாக வந்துகொண்டிருக்கும். ஞாயிறு இரவுக்குள் அறுபத்து மூன்று. ஒன்றைக்கூட விடவில்லை. தலைமையகத்தில் பெரியவரே போனில் கூப்பிட்டு, "ஒன்னுகூட தவறல, பிரமாதம்யா" என்றார்.

இடமாறுதல் விஷயத்தில் உனக்கு எது நல்லதோ அதைச் செய். நான் தடையாக இருக்க மாட்டேன். தரை அடங்கட்டும், பிறகு சாவகாசமாக எழுதுகிறேன்.

உன்
ஊசிக்காரன்

—

ஜூலை 5

உங்களுக்கு,

ஒன்றைக்கூட விடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஒன்றை விட்டுவிட்டீர்கள்.

அந்தச் சனிக்கிழமை நான் வந்தேன். அதிர்வு அடங்கியதும் முதல் நினைப்பு உங்கள் தலைக்கு மேலே இருக்கும் அந்தப் பழைய ஓட்டுக்கூரைதான். ரோஷமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. கிடைத்த பஸ்ஸில் ஏறினேன், மிச்சத்தை நடந்தேன். மத்தியானம் மூன்று மணி சுமாருக்குக் கதவைத் தட்டினேன். உள்ளேயிருந்து உங்கள் குரல் கேட்டது: "யாரா இருந்தாலும் அப்புறம் வாங்க. இங்க நடக்காதீங்க, ஊசி ஆடுது."

குரல் நன்றாகத்தான் இருந்தது. உயிரோடு இருக்கிறீர்கள் என்று தெரிந்துவிட்டது. நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. கொஞ்ச நேரம் படியில் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் குடிக்கவாவது வெளியே வருவீர்கள் என்று நினைத்தேன். வரவில்லை. கிளம்பும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, கேட்டைத் தாண்டும்வரை வெறுங்காலில் நடந்தேன். உங்கள் ஊசிக்குத் தொந்தரவு வேண்டாமே.

கோபம் இல்லை, அழுது முடித்துவிட்டேன். வெள்ளிக்கிழமை காலை கையெழுத்துப் போடுகிறேன். குடையை வைத்துக்கொள்ளுங்கள்.

டீச்சர்

—

ஜூலை 8, புதன்

என் டீச்சருக்கு,

உன் கடிதம் இன்று மதியம் வந்தது. சனிக்கிழமைத் தாளை எடுத்துப் பார்த்தேன்.

மூன்று பன்னிரண்டுக்கு நீ கேட்டுக்குள் வந்திருக்கிறாய். பாதி ஏற்றத்தில் நின்று மூச்சு வாங்கியிருக்கிறாய், எப்போதும் நிற்பாயே, அதே இடம். பிறகு இருபத்தாறு காலடி. பிறகு மூன்று தட்டு. அப்புறம் பதினொரு நிமிடம் ஒன்றுமே இல்லை. நீ போனதைத் தேட பூதக்கண்ணாடி வேண்டியிருந்தது. அவ்வளவு மெல்ல நடந்திருக்கிறாய். பாவி, அதைத் தேடும்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

நீ வந்த கிறுக்கலின் பக்கத்தில் என் கையாலேயே எழுதி வைத்திருக்கிறேன்: 'இரைச்சல். மனித நடமாட்டம். கணக்கில் சேர்க்க வேண்டாம்.'

பதிவில் எதையும் அழிக்கக் கூடாது என்பது விதி. தப்பாக எழுதியிருந்தால் ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அப்படியே செய்தேன். 'என் மனைவி வந்தாள். நான் கதவைத் திறக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். தாள் தலைமையகத்துக்குப் போகும். பெரியவர் விளக்கம் கேட்பார், கேட்கட்டும்.

உனக்கு எழுத வேண்டிய அந்த ஒற்றை வார்த்தையைக் கடைசிவரை எழுதவே இல்லை. வா.

இதைத் தபாலில் போட்டால் சனிக்கிழமைதான் சேரும். அதனால் நானே கையில் எடுத்துக்கொண்டு நாளை விடிந்ததும் இறங்குகிறேன். குடையையும் கொண்டுவருகிறேன். உன் கதவைத் தட்டுவேன். அப்புறம் வாங்க என்று நீ சொன்னால், சொல்ல உனக்கு நியாயம் இருக்கிறது, அங்கேயே படியில் உட்கார்ந்திருப்பேன். கையெழுத்துப் போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், போடுவதற்கு முன்னால் ஒரு தடவை கதவைத் திற.

ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக ஊசியைத் தனியாக விட்டுவிட்டுப் போகிறேன். நான் செருப்புக் காலோடு தடதடவென்று இறங்கி ஓடுவதும் தாளில் விழும். யாராவது வந்து பார்த்துப் பக்கத்தில் 'இரைச்சல்' என்று எழுதுவார்கள். எழுதிக்கொள்ளட்டும்.

உன்
ஊசிக்காரன்